கழுத்துக் கட்டி: கத்திக்கு முன்னால் ஊசி

காலில் முள் குத்திப் புண்ணாகிவிட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டும். நம் வீடுகளில் யாரும் சொல்லித்தராமலே தெரிந்த விஷயம் இது. பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தால் அம்மா இடுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கு, கால்ல எங்க புண்ணுன்னு பாரு" என்பார். வீக்கத்துக்கு மருந்து தேடமாட்டார், புண்ணைத் தேடுவார். அதே வீக்கம் கழுத்தில் வந்தால் மட்டும் இந்த அறிவு நமக்கு எங்கோ போய்விடுகிறது. "கட்டி வந்திருக்கு, எடுத்துடலாமா வேணாமா?" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. "கத்தி பட்டா பரவிடும்" என்று ஒருவர் பயமுறுத்துவார். "சின்னக் கட்டிதான், அரை மணி நேர வேலை" என்று இன்னொருவர் அவசரப்படுத்துவார். அது என்ன கட்டி என்று இருவருமே கேட்பதில்லை.

இதை நான் எழுதுவதற்கு என் பெரியப்பா காரணம். 58 வயதில் அவருக்கு வலது தாடைக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி வந்தது. சவரம் செய்யும்போது கையில் தட்டுப்பட்டதால்தான் கவனித்தார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. முப்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். முதலில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். குறையவில்லை என்றதும் வேறொரு ஆன்டிபயாட்டிக் ஏழு நாள். அப்புறம் "வலிதான் இல்லையே" என்று இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டுக் கட்டியை எடுத்துவிட்டார்கள். அதுவரை யாரும் அவரை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. பரிசோதனை முடிவு வந்தபோதுதான் தெரிந்தது: எடுத்தது கிளை. மூலப் புற்றுநோய் நாக்கின் வேர்ப்பகுதியில், தொண்டைக்குள் இறங்கும் இடத்தில் பத்திரமாக இருந்தது.

நெறி கட்டுவது என்றால் நிணநீர் முடிச்சு வீங்குவதுதான். உடம்பில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சுமார் 300, கழுத்தில்தான் இருக்கின்றன. வாய், பல், டான்சில், மூக்கின் பின்புறம், குரல்வளை, தலைத்தோல் என்று கழுத்துக்கு மேலே உள்ள எல்லாவற்றின் நிணநீரும் இந்த முடிச்சுகள் வழியாகத்தான் வடிகிறது. கிருமியோ புற்றுநோய்ச் செல்லோ அந்தப் பாதையில் வந்தால் இங்கே சிக்கும், முடிச்சு வீங்கும். இவை போக முன்கழுத்தில் தைராய்டு, தாடைக்கடியிலும் காதுக்கு முன்னாலும் உமிழ்நீர்ச் சுரப்பிகள், பெரிய ரத்தக்குழாய்கள், கருவில் இருந்தபோது மூடாமல் விட்டுப்போன குழாய்களின் மிச்சம் எல்லாமே அந்தச் சாண் இடத்துக்குள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கும் பெயர் மட்டும் 'கட்டி'.

பிள்ளைகளின் கழுத்தில் பயறு அளவிலும் சுண்டைக்காய் அளவிலும் முடிச்சுகள் தட்டுப்படுவது மிகச் சாதாரணம். சளி, தொண்டைவலி, சொத்தைப்பல், பேன் கடித்துச் சொறிந்த தலைப்புண் இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். தொட்டால் வழுக்கி நகரும், சில வாரங்களில் தானாகச் சுருங்கும். நாற்பதைத் தாண்டியவருக்கு, அதுவும் புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு வந்தால் கணக்கே வேறு. புற்றுநோய் இல்லை என்று நிரூபணமாகும்வரை அதை மனதில் வைத்துத்தான் மருத்துவர் நடக்கவேண்டும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அகாடமி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கிற கட்டி, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்பட்டது, கல் மாதிரி இருப்பது, நகராமல் ஒட்டியிருப்பது எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை, தொற்றுக்கான அறிகுறி இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள். "வலிதான் இல்லையே" என்பது ஆறுதல் தரும் செய்தி இல்லை. வலித்துச் சிவந்து வீங்குவது பெரும்பாலும் கிருமி. சத்தம் போடாமல் வளர்வதைத்தான் உடனே பார்க்கவேண்டும்.

நல்ல மருத்துவர் எடுத்த எடுப்பில் கட்டியைத் தொடமாட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, வாயில் வைத்துக்கொண்டு சொல்லும்போது விழுங்கச் சொல்வார். எதிரே உட்கார்ந்து கழுத்தையே பார்ப்பார். விழுங்கும்போது கட்டி மேலே ஏறி இறங்கினால் தைராய்டைச் சேர்ந்தது. அந்தச் சுரப்பி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருப்பதால் அதோடு சேர்ந்து ஏறுகிறது. பிறகு நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கோடு சேர்ந்து கட்டி மேலே இழுபட்டால், கருவில் தைராய்டு நாக்கிலிருந்து கழுத்துக்கு இறங்கி வந்த பாதை மூடாமல் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் நோயாளிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கை விரல்களாலும் தாடைக்கடி, காதோரம், காறை எலும்பின் மேற்குழி என்று வரிசையாகத் தடவி வருவார். கடைசியில் பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லி, கையுறை போட்ட விரலால் நாக்கின் அடியையும் டான்சிலையும் அமுக்கிப் பார்ப்பார். நாக்கின் வேரில் உள்ள புற்றுநோய் கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தட்டுப்படுவது உண்டு. குமட்டத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு மூக்கு வழியாக பென்சிலைவிட மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டு மூக்கின் பின்புறமும் குரல்வளையும் பார்ப்பார்கள். இவ்வளவுக்கும் பதினைந்து நிமிடம்தான் ஆகும். பெரியப்பாவுக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பதினைந்து நிமிடம்.

கட்டி இருக்கும் இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இடது காறை எலும்புக்கு மேலே கெட்டியாக ஒரு முடிச்சு வந்தால் வயிற்றையும் நுரையீரலையும் சோதிக்கச் சொல்வார்கள். வயிற்றிலிருந்து வரும் பெரிய நிணநீர்க் குழாய் அங்கேதான் ரத்தத்தில் சேர்கிறது. காது மடலைத் தூக்கிவிடுகிற மாதிரி அதன் கீழே வளர்வது காதோர உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி. தாடைக்கடியில் சாப்பாட்டு நேரத்தில் வீங்கி அப்புறம் வடிந்துபோனால் உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். தாடைக்கோணத்துக்குக் கீழே துடிப்போடு, பக்கவாட்டில் மட்டும் நகர்ந்து மேலும் கீழும் நகராத கட்டி, பெரிய ரத்தக்குழாய் கிளை பிரியும் கவட்டையில் வளர்வதாக இருக்கலாம். அதை ஸ்கேன் எடுக்காமல் குத்தவோ கீறவோ கூடாது.

சரி, ஊசிக்கு வருவோம். சீட்டில் எஃப்.என்.ஏ.சி. என்று எழுதித் தருவார்கள்; மெல்லிய ஊசியால் செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை அது. ரத்தம் எடுக்கிற ஊசியை விடவும் மெல்லிய ஊசிதான். கட்டியை இரண்டு விரலுக்கு நடுவே அசையாமல் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை அசைப்பார்கள். ஊசித் துளைக்குள் ஒரு சொட்டுக்கும் குறைவாகத்தான் ஏறும். அதைக் கண்ணாடிச் சில்லில் வைத்து இன்னொரு சில்லால் இழுத்துத் தேய்ப்பார்கள். ஒன்றை ஆல்கஹாலில் முக்குவார்கள், ஒன்றைக் காற்றில் உலரவிடுவார்கள். இரண்டு மூன்று இடத்தில் எடுத்த பிறகு பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், வீட்டுக்குப் போகலாம். அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே எடுத்தால் இன்னும் துல்லியம்.

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயத்தில் பலர் இந்தச் சோதனையையே மறுத்துவிடுகிறார்கள். மெல்லிய ஊசியால் அப்படிப் பரவுவது மிக மிக அரிது. அதற்குப் பயந்து நோய் என்னவென்றே தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. 1930-ல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்டு எல்லிஸும் இந்த முறையை முதலில் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். அவர்களுடைய ஊசி தடித்தது. அதை மெல்லியதாக்கி உலகத்துக்குக் கொடுத்தவர்கள் ஸ்வீடன் மருத்துவர்கள். மூலத்தைத் தேடாமல் கழுத்து முடிச்சை வெட்டி எடுக்காதீர்கள் என்று பிற்காலத்தில் அறுவை மருத்துவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னவரும் அதே மார்ட்டின்தான்.

ஊசிக்கும் எல்லை உண்டு. லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயில் ஊசியில் வரும் தனிச் செல்கள் போதாது. முடிச்சின் உள்ளமைப்பையே பார்க்கவேண்டும். இரவில் சட்டை நனையும்படி வியர்வை, விட்டு விட்டுக் காய்ச்சல், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவு, ரப்பர் பந்து மாதிரியான முடிச்சுகள் என்று இருந்தால் முழு முடிச்சு ஒன்றை எடுத்துச் சோதிப்பதுதான் முறை. ஆக, கட்டியை எடுத்துச் சோதிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அது கடைசிப் படி.

நம் நாட்டில் இந்தப் பேச்சில் காசநோய் இல்லாமல் இருக்க முடியாது. கழுத்தைச் சுற்றி முடிச்சுகள் மாலை கோத்த மாதிரி வருவதால் நம் பழைய வைத்தியத்தில் கண்டமாலை என்றார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! இங்கிலாந்தில் இதே நோயை ராஜா தொட்டால் குணமாகும் என்று நம்பினார்கள். பின்னாளில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனை 1712-ல் குழந்தையாக இருந்தபோது தூக்கிக்கொண்டு போய் ஆன் ராணியிடம் தொடவைத்தார்கள். ராபர்ட் கோக் 1882-ல் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் நிணநீர் முடிச்சில் வருவதுதான் மிக அதிகம். முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெல்ல இளகும், உள்ளே சீழ் பிடிக்கும். ஆனால் மேலே தொட்டால் சூடு இருக்காது. அதைச் சாதாரணச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் வந்தது வினை. புண் ஆறாமல் மாதக்கணக்கில் வடிந்துகொண்டே இருக்கும், கழுத்தில் வடு விழும். சீழை எடுக்கவேண்டியிருந்தால் கட்டிக்குச் சற்று மேலே நல்ல தோல் வழியாக ஊசி விட்டு உறிஞ்சுவதுதான் முறை. எடுத்த சீழை சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கு அனுப்பினால் கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். முடிச்சின் ஒரு துண்டை எடுத்து, சீசாவை நம் கையில் கொடுத்து "லேப்ல கொடுத்துட்டு வாங்க" என்று அனுப்புவது நம் ஊர் வழக்கம். அந்தச் சீசாவில் இருப்பது பெரும்பாலும் ஃபார்மலின். அதில் போட்டால் திசு கெடாது, ஆனால் காசநோய்க் கிருமி செத்துவிடும். அப்புறம் அதை வளர்த்துப் பார்க்க வழியே இல்லை. காசநோய்ச் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு ஃபார்மலினிலும் இன்னொன்று வெறும் சலைனிலும் போகவேண்டும். "ரெண்டு சீசாவா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

காசநோய் முடிச்சுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையே இல்லை. ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனைகளில் இலவசம். நுரையீரலில் நோய் இல்லாதவரை அடுத்தவருக்கு ஒட்டாது. தட்டு டம்ளரைத் தனியாக வைக்கவேண்டியதில்லை. மாத்திரை சாப்பிடும்போதே சிலருக்கு முடிச்சு பெரிதாகும், புதிதாகக்கூட வரும். செத்த கிருமிகளை எதிர்த்து உடம்பு காட்டும் கோபம் அது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.

புற்றுநோய் என்று உறுதியானால் அறுவையின் அளவு மாறுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜார்ஜ் கிரைல் 1906-ல் 132 அறுவைகளின் அனுபவத்தை எழுதினார். முடிச்சு முடிச்சாகப் பொறுக்கி எடுப்பதை விட்டு, ஒரு பக்கக் கழுத்தின் நிணநீர்ச் சதை முழுவதையும் ஒரே தொகுப்பாக எடுக்கும் முறை அது. உயிர் காத்த முறைதான், ஆனால் கழுத்தின் பெரிய சிரை, தலையைத் திருப்பும் தசை, தோளைத் தூக்கும் நரம்பு மூன்றும் அதோடு போய்விடும். அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ் 1960-களில், நிணநீர்ச் சதை ஓர் உறைக்குள்தான் இருக்கிறது, இந்த மூன்றையும் விட்டுவிட்டே அதை உரித்தெடுக்கலாம் என்று காட்டினார். இன்று கழுத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மூலம் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற பகுதிகளை மட்டும் எடுக்கிறார்கள்.

நமக்கு மிக நெருக்கமான ஆராய்ச்சி ஒன்று மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடந்தது. வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது, கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை; அப்போதே கழுத்து முடிச்சுகளையும் எடுக்கவேண்டுமா, வந்தால் பார்த்துக்கொள்ளலாமா என்பது பல காலமாகத் தீராத வாதம். டாக்டர் அனில் டி'குரூஸ் குழுவினர் 500 நோயாளிகளின் முடிவை 2015-ல் வெளியிட்டார்கள். முதலிலேயே முடிச்சுகளை எடுத்தவர்களில் மூன்று வருஷத்துக்குப் பிறகு 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். எட்டுப் பேருக்கு ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார் என்ற கணக்கு. உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றிய ஆராய்ச்சி அது. வெற்றிலை பாக்கு போடுகிற நாட்டிலிருந்து அது வந்தது நியாயம்தான். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயைத் தருவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. "நான் வெறும் பாக்குதான்" என்கிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவேண்டும்.

தைராய்டில் தவறு பெரும்பாலும் எதிர்ப்பக்கமாக நடக்கிறது; அவசரப்பட்டு எடுத்துவிடுவது. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தைராய்டில் சின்ன முண்டு தெரிவது சாதாரணம், அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் புற்றுநோய் இல்லை. தென்கொரியாவில் ஊருக்கெல்லாம் கழுத்து ஸ்கேன் எடுத்ததில் 2011-ல் தைராய்டுப் புற்றுநோய் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கானது. அதனால் சாகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் மாறவே இல்லை. நோய் இருப்பதே தெரியாமல் வாழ்ந்திருக்கக்கூடியவர்கள் கழுத்து வடுவோடும் வாழ்நாள் மாத்திரையோடும் நின்றார்கள். ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை 1993 முதலே ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான, ஆபத்துக் குறிகள் இல்லாத பாப்பிலரி வகைப் புற்றுநோயை அறுக்காமல் ஸ்கேனில் கண்காணித்து வருகிறது. பெரும்பாலானவை வளர்வதே இல்லை.

பெரிய கழலை மூச்சை அழுத்தும்போதும், ஊசி முடிவு சந்தேகமாக இருக்கும்போதும் எடுக்கத்தான் வேண்டும். இந்த அறுவையைப் பயமில்லாததாக ஆக்கியவர் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துத் தியோடர் கோஹர். ரத்தம் சிந்தாமல் நிதானமாகச் செய்யும் அவர் கையில் சாவு 100-க்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது வேறு. சுரப்பியை முழுதாக எடுத்த நோயாளிகள் பிற்பாடு முகம் வீங்கி, புத்தி மந்தித்துப் போனதைத் தேடிப்போய்ப் பார்த்து, 1883-ல் அதைத் தானே அறிவித்தார். நோய்க்கு அவசியமில்லாமல் முழுச் சுரப்பியை எடுப்பதையும் நிறுத்தினார். இன்று அந்தக் குறையை தினம் ஒரு மாத்திரை ஈடுகட்டுகிறது.

தைராய்டு அறுவையில் மருத்துவரின் கவனமெல்லாம் சுரப்பிக்குப் பின்னால் இருக்கும். வெள்ளை நூல் மாதிரி ஒரு நரம்பு நெஞ்சுக்குள் இறங்கித் திரும்ப மேலேறி, சுரப்பியை உரசிக்கொண்டு குரல்வளைக்குள் நுழையும். அது அறுந்தால் குரல் கரகரத்துப்போகும். அதன் பக்கத்திலேயே உளுந்து அளவில், மஞ்சள் கலந்த பழுப்பில், நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள். கொழுப்புத் துணுக்கு மாதிரியே இருக்கும் அவை போய்விட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். அறுவை முடிந்த ஓரிரு நாளில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வந்தால் அதுதான் அறிகுறி. நர்ஸிடம் உடனே சொல்லுங்கள், காலையில் டாக்டர் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாக்கோடு ஏறும் நீர்க்கட்டியை மட்டும் எடுத்தால் திரும்பத் திரும்ப வரும். நாக்கடி எலும்பின் நடுத்துண்டையும் அதிலிருந்து நாக்குவரை போகும் பாதையையும் சேர்த்து எடுக்கவேண்டும் என்று 1920-ல் வால்டர் சிஸ்ட்ரங்க் காட்டியது இன்றும் அப்படியே செய்யப்படுகிறது. காதோரச் சுரப்பிக்கு நடுவே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுவதால், அங்கே வரும் சாதாரணக் கட்டியைக்கூட நோண்டி எடுக்கக் கூடாது. இளைஞருக்குப் பக்கக் கழுத்தில் நீர்க்கட்டி வந்தால் அது பிறவிக் கட்டியாகவே இருக்கலாம்; நாற்பதுக்கு மேற்பட்டவருக்கு அதே மாதிரி வந்தால் டான்சிலைப் பார்க்காமல் விடக் கூடாது.

ஊசியும் வேண்டாம், எதுவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வீக்கம் ஒன்று உண்டு. கடைவாய்ப்பல் வலி வந்து, தாடைக்கடி முழுக்க மரக்கட்டை மாதிரி வீங்கி, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, எச்சில் விழுங்க முடியாமல் காய்ச்சலும் அடித்தால் மூச்சு எந்த நேரமும் அடைபடலாம். அங்கே முதல் வேலை மூச்சுப்பாதையைக் காப்பது. அதோடு ஆன்டிபயாட்டிக், தேவைப்பட்டால் உடனடிக் கத்தி.

பெரியப்பா பிழைத்துவிட்டார். முதல் அறுவையின் தழும்பு கழுத்துக்குள் இறுகிப்போயிருந்ததால் இரண்டாவது அறுவையில் தோல், தசை, தோள் நரம்பு எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கவேண்டியிருந்தது. பிறகு ஆறரை வாரம் கதிர்வீச்சு. இப்போது புகையிலை இல்லை, வெற்றிலையும் இல்லை. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. தன் வேட்டியைத் தானே துவைத்துத்தான் அவருக்குப் பழக்கம். பெரியம்மா கொல்லைப்புறக் கொடியை ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.